என் நெற்றியில் நின்ற சிங்கம்

எனக்குக் கோபம் வந்தால் நெற்றி நரம்பு புடைத்துக்கொள்ளும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வியாழக்கிழமை நெற்றியின் வலது பக்கம் சுரீரென்று எரிந்தபோது, அடக்கி வைத்த கோபம்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். கோபத்துக்குக் காரணமும் இருந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான். எஹலியகொட டவுனில் ஒரு துணிக்கடையில் நூல் பகுதியில் நிற்கிறவள் நான். சட்டைத் துணியை நீட்டி, "இதுக்கு மேட்சா நூல் குடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு நூல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தீபாவளிக் காலத்தில் சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாம் என் மேசைக்கு முன்னால்தான் நிற்கும்.

முதலில் நான் துணி வெட்டும் மேசையில் இருந்தேன். ஒன்பது வருடங்களுக்கு முன் கைமூட்டுகள் வீங்கி, கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் போனது. கிளினிக் கொப்பியில் அந்த நோய்க்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது, தோட்டத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் அதை வாதம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். டொக்டர் விளக்கியதை எனக்குப் புரிகிற மாதிரி நான் மாற்றி வைத்துக்கொண்டேன். ரப்பர் பால் திருடுகிறவனைப் பிடிக்கத் தோட்டத்தில் ஒரு வாச்சர் இருப்பார் அல்லவா? என் உடம்பு வாச்சருக்குப் புத்தி கெட்டுப்போய், திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரியின் கைமூட்டுகளைப் போட்டு அடிக்கிறார். அவரைத் தூங்க வைக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் மாத்திரை. அவர் தூங்கினால் கைவலி குறையும். ஆனால் அவர் தூங்குகிறார் என்ற செய்தி திருடர்களுக்கும் போய்விடும்.

கை அப்படி ஆன பிறகு கடை முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அவர் முஸ்லிம் மனிதர், இந்த டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். என்னை நூல் பகுதிக்கு மாற்றிவிட்டு, "எனக்கு உங்கட கண்ணு போதும் புள்ள" என்றார். அன்றைக்கு அழுதேன். அதன் பிறகு என் கண்ணை நானே மெச்சிக்கொள்ள ஆரம்பித்தேன். வெங்காயத்தோல் நிறத்தில் நான்கு வகை இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற நான்கையும் நான் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவேன். தையல்காரர்கள் நூலை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருவார்கள். அந்த ஒன்றும் சொல்லாமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தபோது எரிந்த இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். வலது புருவத்தில், இமையில், மூக்கோரத்தில். இடது பக்கம் சுத்தமாக இருந்தது, யாரோ நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி. கிளினிக் டொக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார்: இந்த மாத்திரை குடிக்கிற ஆள் காய்ச்சல், கொப்புளம் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், கொப்புளத்துக்கு மூன்று நாளைக்குள் மருந்து தொடங்க வேண்டும். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி அந்தக் கிளினிக்கில் கிடையாது.

ஆனால் போன தடவை ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் போன என்னை ஐந்து நாள் வார்டில் படுக்க வைத்தார்கள். தீபாவளிக் கூட்டத்தில் ஐந்து நாளா? வேறு ஆள் என் மேசையில் நின்று, ஊரில் பாதிப் பேருக்குச் சேராத நூலைக் கட்டிக் கொடுத்துவிடுவார். அதனால் அன்றைக்கு மட்டும் லீவு சொல்லிவிட்டு, புத்திசாலித்தனமான காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

என் கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். அவருடைய தம்பிதான் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இந்தக் கொழுந்தன். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணி, இது அக்கி. எழுதிட்டா மூணு நாள்ல காஞ்சிரும்."

அக்கி எழுதுவது எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்தபோது கூடவே கொண்டுவந்த வைத்தியம். காவிக் கல்லைத் தண்ணீரில் உரைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார்கள். சிங்கத்தைப் பார்த்து அக்கி பயந்து ஓடிவிடுமாம். இதற்கென்று கைராசி உள்ளவர்கள் எழுத வேண்டும். எங்கள் லயத்தில் அப்படி யாரும் இல்லை. தன் கையில் ராசி இருப்பதாகக் கொழுந்தன் தானே அறிவித்துக்கொண்டவன்.

"இதுக்கு முந்தி யாருக்குத் தம்பி எழுதினே?"

"ஒரு ஆட்டுக்கு."

"ஆடு பொழச்சிச்சா?"

"தீவாளிக்கு வெட்டிட்டாங்க அண்ணி. ஆனா அக்கி போயிருச்சு."

இதைக் கேட்ட பிறகும் முகத்தைக் கொடுத்தேன். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

முகத்துக்கு நேரே குனிந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு அரை மணி நேரம் எழுதினான். எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கேட்டான். வந்தது என்றேன். "அம்மா என்னைய எட்டிக்கூடப் பாத்ததில்ல அண்ணி" என்று, அம்மை வராததற்குப் பெருமையடித்துக்கொண்டான். கண்ணாடியை எடுத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொழுந்தன் வாழ்நாளில் பார்த்த ஒரே சிங்கம் நாட்டுக் கொடியில் இருக்கிற சிங்கம். அதையே வரைந்திருந்தான், கத்தியோடு.

"கத்தி எதுக்குடா?"

"கத்தி இல்லாட்டி அத நாய்னு நெனச்சிக்குவாங்க அண்ணி."

அதிலும் அவன் கைப் பழக்கத்துக்கு வந்தது பால்வெட்டுக் கத்திதான். நுனி மடங்கிய அந்தக் கத்தியைச் சிங்கம் தலைகீழாகப் பிடித்திருந்தது. கத்தி மூக்கின் மேலாக இறங்கி, மூக்கு நுனியில் வந்து கொக்கி போட்டு நின்றது.

"மூக்கு வரைக்கும் ஏன் இழுத்தே?"

"ஒரு கொப்புளத்தக்கூட சிங்கத்துக்கு வெளிய விடக்கூடாது. விட்டா அங்கயிருந்து மறுபடி கெளம்பும். மூக்கு நுனியில சின்னதா ஒண்ணு இருக்கு."

"அது பரு."

"பருவோ கிருவோ, வெளிய விடமாட்டேன்."

மூன்று நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனான். அப்போதே ஒரு கணக்கு உதைத்தது. டொக்டரும் மூன்று நாள் என்கிறார், சிங்கமும் மூன்று நாள் என்கிறது. சிங்கத்தின் தவணை முடியும்போது டொக்டரின் தவணையும் முடிந்துவிடும். இதைப் பற்றி நாளைக்கு யோசிக்கலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

அதற்குள் கணவர் வீடியோவில் வந்தார். திரைக்கு மிகக் கிட்டே வந்து பார்த்தார்.

"யாரது?"

"உங்க பொண்டாட்டி."

"அது தெரியுது. மேல நிக்கிறது யாரு?"

நான் கண் சிமிட்டினேன். சிங்கத்தின் பின்னங்கால் என் இமையின் மேல் இருந்ததால், சிமிட்டும்போதெல்லாம் அது காலைத் தூக்கி வைத்தது. அவர் சிரித்த சிரிப்பில் சமையலறையில் இருந்த மற்றவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் நெற்றி நெருப்பாக எரிந்தது. ஆனாலும் கடைக்குப் புறப்பட்டேன். முந்தானையால் தலையை மூடினால் சிங்கத்தின் தலை மறைந்தது, கத்தி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூக்கையும் சேர்த்து மூடினால் மூச்சு முட்டியது. மூடாமலே பஸ் ஏறினேன். கொண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்து, என் நெற்றியை மரியாதையாகப் பார்த்தார்.

"அக்கே, அத மெச் எகக் தியெனவத?"

இன்றைக்கு மேட்ச் இருக்கிறதா என்று கேட்கிறார். கிரிக்கெட் மேட்ச் நாளில் முகத்தில் சிங்கம் வரைந்துகொண்டு கத்துகிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார். நாற்பத்தாறு வயதில், வீங்கிய விரலோடு, சேலை கட்டிக்கொண்டு. நோய் என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து ஓடுவார்கள். ஆமாம் என்பதற்கு "ஓவ்" என்றேன். உடனே பின் சீட்டில் யாருடன் மேட்ச் என்று ஒரு விவாதம் கிளம்பியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், நாம் ஜெயிப்போம் என்று சிங்களத்தில் எனக்கு ஆறுதல் சொன்னார். இறங்குகிற வரைக்கும் நான் நாட்டுக்காகக் கவலைப்படுகிற முகத்தோடு இருக்க வேண்டியதாயிற்று.

கடையில் முதலாளி இன்னும் வந்திருக்கவில்லை. கூட்டம் இருந்தது. ஒரு பெண் சட்டைத் துணியை நீட்டினாள், நல்ல மெரூன். நான் பெட்டியைத் திறந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாசலுக்குப் போனாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"அக்கா, இது சேரலியே."

"சேரும். நல்லாப் பாருங்க."

"இது பீட்ரூட் கலரு அக்கா."

அவளுக்குக் கண் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் முதலாளி உள்ளே வந்தார். என் நெற்றியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், நூலையும் துணியையும் வாங்கி வாசலுக்குப் போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்.

"புள்ள, அவ செல்றது சரி."

நூல் பகுதிக்கு வந்த ஒன்பது வருடத்தில் எனக்கு இது நடந்ததில்லை. இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். வலது கண்ணுக்கு முன்னால் நூல் பெட்டி முழுவதும், சோற்றுப்பானை ஆவிக்குப் பின்னால் இருப்பது போல மங்கியிருந்தது. சிவப்புகள் எல்லாம் ஒரே சிவப்பாக இருந்தன. கை போனபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. கண்ணும் போய்விட்டால் என்னிடம் மீதி என்ன இருக்கிறது? வாய் மட்டும் இருக்கிறது. அதற்கு யாரும் வேலை தரமாட்டார்கள்.

"நீங்க அந்த ஞாயித்துக்கிழம மாத்திர குடிக்கிற ஆளல்லவா?" என்றார் முதலாளி. "வேன்ல ஏறுங்க."

"கூட்டம் நிக்குது முதலாளி."

"கூட்டம் நிக்கட்டும். நீங்க ஏறுங்க."

தீபாவளிக் கூட்டத்துச் சனிக்கிழமை, கடையைத் தம் மகனிடம் விட்டுவிட்டு அவரே வேன் ஓட்டினார். வழியெல்லாம் பேசவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "அது சிங்கமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "கத்தி நல்லா வந்தீக்கி" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளவயது சிங்கள டொக்டர் மிஸ். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது. நான் கிளினிக் கொப்பியை நீட்டினேன். அதைப் படித்ததும் சிரிப்பு பாதி நின்றது. ஒரு நர்ஸ் ஈரப் பஞ்சோடு வந்தபோது நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் மூன்று நாள் தண்ணீர் படக்கூடாதே. மனித மனம் இப்படித்தான் வேலை செய்கிறது. என்னுடையது எப்போதுமே இப்படித்தான்.

டொக்டர் மிஸ் நர்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் முன்னால் உட்கார்ந்தார். யார் வரைந்தது என்று கேட்டார். சொன்னேன். சிங்கத்தின் கையில் ஏன் பால்வெட்டுக் கத்தி என்று கேட்டார். அதையும் சொன்னேன். நல்லவேளை, எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கடைசியாக, கத்தி ஏன் மூக்கு வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு கொப்புளமும் சிங்கத்துக்கு வெளியே இருக்கக் கூடாது என்பது முறை. மூக்கு நுனியில் ஒன்று இருந்தது என்று கொழுந்தன் சொன்னான். பருதான் அது."

அவர் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போய்விட்டது. பஞ்சைத் தாமே வாங்கி, என் மூக்கு நுனியை மட்டும் துடைத்தார். காவி போன இடத்தில் விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ வேகமாகப் பேசினார். எனக்கு இப்படி விளக்கினார்: சின்ன வயதில் வந்த அம்மை முழுக்கப் போய்விடுவதில்லை, நரம்புக்குள் ஒளிந்திருக்கும். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் தூங்க வைத்தவர்களிடம் அது அக்கியாகத் திரும்ப வரும். மூக்கு நுனிக்குப் போகிற நரம்பும் கண்ணுக்குப் போகிற நரம்பும் ஒரே கிளை. நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணிலும் இருக்கும் என்றே நினைக்க வேண்டும். காவியோடு காவியாக அந்தச் சின்னக் கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம், கத்தி அங்கே முடிந்ததால்தான் கேட்கத் தோன்றியது என்றார்.

மறுபடி கொழுந்தனைப் பற்றிக் கேட்டார். "அவர் ஒன்றையும் விடவில்லை" என்றார்.

அன்றைக்கே அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிங்கத்தை நர்ஸ் முழுதாகக் கழுவிவிட்டாள். இரண்டாம் நாள் மாலையோடு அது இறந்தது. கண் டொக்டர் கண்ணில் மஞ்சள் சொட்டு விட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் புண் இருந்தது. நல்ல நேரத்தில் வந்தீர்கள், ஆனால் முழுப் பார்வையும் வரும் என்று இப்போது சொல்ல மாட்டேன் என்றார். சேலைனில் மருந்து ஏற்றினார்கள், கண்ணுக்குள் ஒரு நாளைக்கு ஐந்து தடவை களிம்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வாச்சர் தூக்கம் கலைந்து, கைமூட்டுகளைப் பழையபடி அடிக்க ஆரம்பித்தார். தீபாவளியன்று ஒற்றைக் கண்ணோடு, வீங்கிய கையோடு, ஆஸ்பத்திரிப் பருப்பும் சோறும் சாப்பிட்டேன். கணவர் லீவு போட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் அதிரசம் கொண்டுவந்திருந்தார், அதை வார்டு நர்ஸ்கள் சாப்பிட்டார்கள்.

கொழுந்தனைத்தான் தாங்க முடியவில்லை. அவன் கத்தி என் கண்ணைக் காட்டிக் கொடுத்தது என்ற செய்தி லயத்துக்குப் போனதும், கால் தரையில் படவில்லை. தினமும் போன் எடுப்பான். "டொக்டரு என்னையப் பத்திக் கேட்டாங்களா?" ஆமாம் தம்பி, கோழி இறகை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள் என்பேன். சுத்த மரமண்டை, நையாண்டி செய்கிறேன் என்று புரியாது. மூன்று பேர் அக்கி எழுத வந்தார்கள் என்றும், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வாருங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு அவன் மேல் நிஜமாகவே பாசம் வந்தது. அவனிடம் சொல்லவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணில் களிம்பின் பிசுபிசுப்பு, எல்லாம் மங்கல். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்த நாட்களில் நான் நூலைத் தொடவில்லை. முதலாளி ஆள் அனுப்பி விசாரித்தார், பதில் சொல்லவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம். தெரியாத வரைக்கும் என் கண் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் ஒரு நாள் காலை, கொழுந்தன் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போகாமல் என் வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் ஒரு மாதிரி சிவந்திருந்தது.

"அண்ணி, ஒடம்பெல்லாம் அரிக்குது."

சட்டையைத் தூக்கினான். அம்மா அவனை எட்டிப் பார்த்துவிட்டாள். எட்டிப் பார்த்ததோடு நிற்காமல் குடும்பத்தோடு குடியேறியிருந்தாள். என் கொப்புளங்களின் மேல் இறகால் அரை மணி நேரம் தடவியவனுக்கு, என் அக்கி அம்மையாகப் போயிருந்தது. அம்மை வராதவர்களுக்கு இப்படி ஒட்டும் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். நான் அதற்கும் தலையாட்டியிருந்தேன்.

வேப்பிலையைக் கட்டிக்கொண்டு படுத்துக்கொள்கிறேன், அம்மா இருக்கும்போது மருந்து கூடாது என்று ஆரம்பித்தான். நான் எடுத்த எடுப்பிலேயே கத்திவிட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்றேன். அன்றைக்கே ஆட்டோவில் போய் மருந்து வாங்கி வந்தோம். பெரிய வயதில் வந்தால் கடுமையாக இருக்கும், புதுக் கொப்புளம் வருகிறதா என்று தினமும் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் அங்கே இருந்த டொக்டர். நான் அவனுக்குப் பக்கத்தில் போகலாமா என்று கிளினிக் டொக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு முன்பே வந்துபோனதால் கிட்டே போகலாம், கையைக் கழுவிக்கொள் என்றார் அவர்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் லயத்து வாசலில், வேப்பிலையைப் பரப்பிய பாயில் குப்புறப் படுத்தான். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வெயில் சரிவாக அவன் முதுகில் விழுந்தது, நூலைப் பிடித்துப் பார்க்கிற மாதிரியான வெயில்.

"எண்ணுங்க அண்ணி. ஒண்ணையும் விட்றாதீங்க."

"பேசாமப் படு."

கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். எட்டு எண்ணியதும் நிறுத்தினேன். பிறகு இடது கண்ணை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டேன். வலது கண்ணால் கழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். பழுத்தவை இருந்தன, நீர் கோத்தவை இருந்தன, காலையில் முளைத்த கடுகு மாதிரியானவை இருந்தன. பழுத்ததன் ஓரத்தில் பீட்ரூட் சிவப்பு. புதிதாக முளைத்ததைச் சுற்றி மெரூன். இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தன. எனக்கு அழுகை வந்தது, அழுதால் மங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டு எண்ணினேன்.

இடுப்பு வரைக்கும் அறுபத்திரண்டு.

"என்ன அண்ணி, சத்தத்தையே காணோம். எல்லாம் இருக்கா? ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

"இல்ல தம்பி," என்றேன். "எல்லாம் தெரியுது."